மஞ்சள் பெல்ட்

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்."

"இப்ப வேணாம். கேட்டா தாங்க மாட்டீங்க."

"நகையா?"

"ஆமா, வைர ஒட்டியாணம். பேசாம வண்டிய ஓட்டுங்க."

மகளுக்கு மூன்று வயதிருந்தபோது, துணிக்கடையிலிருந்து திரும்பும் வழியில் மனைவியும் கணவனும் பேசிய பேச்சு அது. கடை இரைச்சலில் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு கத்திவிட்டாள். கடைக்காரர், பில் போடும் பெண், வரிசையில் நின்றவர்கள் என்று ஒருவர் விடாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அவன் வெளியே வந்தான். வாசலில் புடவை கட்டி நின்ற பொம்மையை மட்டும் எப்படி விட்டீர்கள் என்று பிறகு அவள் கேலி செய்தாள். கேட்க நினைத்ததை மட்டும் கேட்கவில்லை. "உன் ஒட்டியாணம் என்னாச்சு?" என்று அவன் அவ்வப்போது சீண்டுவான். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

இப்போது மகளுக்கு ஆறு வயது. பேச்சு குறைவு. மனசு கலங்கினால் சுவரை ஒட்டி முனகிக்கொண்டே முன்னும் பின்னும் நடப்பாள். அதனால் வீட்டில் அவள் பெயர் ரயில். இரண்டு பள்ளிகள் கைவிரித்த பிறகு கிடைத்த பள்ளி இது. இதையும் விட்டால் அவளைச் சேர்த்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் வேறு பள்ளி இல்லை.

ஓடும் வேனில் எழுந்துவிடுகிறாள், இடுப்புக்கு ஒரு பெல்ட் வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள். அவன் கார் சீட்டுக்கு உறை தைப்பவன். தானே தைத்துக் கொடுத்தான். அவளுக்குப் பிடித்த மஞ்சள் துணி, உறுத்தாமலிருக்க உள்ளே பஞ்சு, அவளாகக் கழற்ற முடியாதபடி கொக்கி முதுகுப் பக்கம்.

நேற்று மாலை வேன் அக்கா அந்த பெல்ட்டை அம்மாவிடம் நீட்டினாள். "தையல் விட்டுடுச்சாம், சரி பண்ணித் தரச் சொன்னாங்க. கிளாஸ்ல போடுறதாச்சே, நாளைக்கே வேணுமாம்."

"கிளாஸ்லயா? வேன்லதானே?"

"வேன்ல என் மடியிலதான் உக்காருவா. அங்க எதுக்கு பெல்ட்?"

மஞ்சள் துணியின் விளிம்பெல்லாம் பல் தடம். அம்மா அன்றிரவு மகளின் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. அப்பா அவ்வளவு மெத்தென்று தைத்திருந்தான்.

காலையில் மூவரும் தலைமை ஆசிரியையின் அறையில் இருந்தார்கள். ரயில் சுவரோரம் முனகியபடி நடந்துகொண்டிருந்தாள். பெல்ட் அம்மாவின் பைக்குள் இருந்தது.

"முப்பது பிள்ளைங்கம்மா, நான் ஒருத்தி," என்றாள் வகுப்பு ஆசிரியை. அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம். "வெளிய ஓடிட்டா யாரு பதில் சொல்றது?"

"எவ்வளவு நேரம் கட்டி வெப்பீங்க?"

ஆசிரியை தலைமை ஆசிரியையைப் பார்த்தாள். "முதல்ல கொஞ்ச நேரம்தான். இப்ப... சாப்பாட்டு மணி வரைக்கும்."

"கட்டி வைக்கிறதுன்னு சொல்லாதீங்க," என்றார் தலைமை ஆசிரியை. "பாதுகாப்பு. உங்க வீட்டுக்காரரே தைச்சுக் கொடுத்ததுதானே?"

அவன் தலை குனிந்தது.

"பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. வேற இடம் பாத்துக்கலாம்."

அம்மா பெல்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

முனகல் நின்றது. ரயில் பெல்ட்டைப் பார்த்தாள். யாரும் கூப்பிடாமலே வந்து, காலியாக இருந்த நாற்காலியில் ஏறி, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பிறகு இடுப்பைச் சுற்றிக் கட்ட வசதியாக இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"பாருங்க, எவ்வளவு சமத்தா பழகிட்டா!" என்றார் தலைமை ஆசிரியை. "இன்னும் கொஞ்சம் அகலமா தைச்சுக் கொடுத்தீங்கன்னா போதும் சார்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. கண் மகளின் கைகளை விட்டு நகரவில்லை. வாய் மட்டும் பழைய பழக்கத்தில் திறந்தது.

"மன்னிச்சிடுங்க மேடம், எங்க பொண்ணால உங்களுக்கு..."

"ஏங்க."

அவள் குரல் உயரவில்லை. எழுந்து போய் மகளின் கைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு வண்டில கேக்க வந்தேனே, அத இப்ப கேக்குறேன். நமக்கு இவ பொறந்ததுக்கு இனிமே யார்கிட்டயும் மன்னிப்பு கேக்காதீங்க."