பயிற்சித் தீ

மாவட்டப் போலீஸ் அதிகாரியான ஷெரீஃபை நோக்கி நாலு எட்டு வைப்பதற்குள் டுவேன் வந்து லொரெட்டாவின் முழங்கையைப் பிடித்துவிட்டான். தேவாலய வாசலில் நின்ற கூட்டத்துக்கு, அண்ணன் தங்கைக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

"இன்னிக்கு வேணாம்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "அப்பாவைப் புதைக்கிற வரைக்குமாவது வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

"அப்பா போனப்புறம் சொல்லிக்கலாம்னு நீதானே சொன்ன?"

"அதான் போயிட்டாருல்ல. இனிமே சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகுது?"

யாருக்கு என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாமலில்லை. ஒரு கொட்டகைக்குத் தீ வைத்ததாகப் பிடிபட்டு ராண்டி ஆறு வாரமாக மாவட்டச் சிறையில் இருந்தான். திங்கட்கிழமை நீதிபதி முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐந்து வருஷம், வழக்காடித் தோற்றால் பன்னிரண்டு என்று அரசாங்கம் கொடுத்த வக்கீல் சொல்லியிருந்தார். இன்று சனிக்கிழமை. லொரெட்டாவுக்கு இருந்தது ஒன்றரை நாள்.

அவர்களுடைய அப்பா ஆர்வில் இருபத்தாறு வருஷம் வில்லோ பெண்ட் ஊரின் தீயணைப்புப் படைக்குத் தலைவராக இருந்தவர். சம்பளம் கிம்பளம் கிடையாது. சைரன் ஊதினால் டிராக்டரைச் சோளக்கொல்லையில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிற ஆட்களின் படை அது. யாராவது பழைய கொட்டகையை இடிக்க நினைத்தால் அதைப் படைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆர்வில் மூலையில் வைக்கோலைக் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றி, தன் கையாலேயே பற்றவைத்து, புதிதாகச் சேர்ந்தவர்களை அணைக்கச் சொல்லிப் பழக்குவார். அப்படி ஐம்பது கொட்டகையாவது எரித்திருப்பார்.

மறதி நோய் வந்த பிறகு அவர் செய்ததையெல்லாம் ஊர் சிரித்தே மன்னித்தது. இரும்புக் கடையில் கையுறைகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்தார். பாதிரியாரின் காரை எடுத்துக்கொண்டு போய் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்தார். நம்ம தலைவர்தானே என்றார்கள். அந்தச் சிரிப்பில் லொரெட்டாவும் சேர்ந்துகொண்டிருந்தாள்.

அக்டோபரில் ஒரு மத்தியானம், ஹோலிஸ் வீட்டுக் கொட்டகை எரிந்தது. உள்ளே பதினோரு கன்றுகள். ஆர்வில் நடந்தே வீட்டுக்கு வந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

"பயலுக நல்லாத்தான் செஞ்சானுங்க," என்றார் மகளிடம். "ஆனா வர்றதுக்கு ரொம்ப நேரமாக்கிட்டானுங்க. சொல்லி வைக்கணும்."

கோட்டின் கையில் மண்ணெண்ணெய் நாறியது. யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. அவளாகத்தான் அந்தக் கோட்டைக் கழற்றித் துவைக்கிற இயந்திரத்தில் போட்டாள். அன்றிலிருந்து தன் கையைப் பார்த்தாலே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ராண்டி பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக் குப்பைத் தொட்டியைக் கொளுத்தியவன். இப்போது நாற்பது வயது, குடியை விட்டும் நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அந்தச் சாலையில் அவன் நடந்து போனதை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அப்பாவைப் பூட்டிய அறையில் போட்டுவிடுவார்கள், அங்கேதான் சாவார் என்று டுவேன் சொன்னான். லொரெட்டா வாயை மூடிக்கொண்டாள். வியாழக்கிழமை விடிகாலையில் ஆர்வில் தன் சொந்தக் கட்டிலில், மகள் கையைப் பிடித்தபடி, நிம்மதியாகச் செத்தார்.

நேற்று உடலைப் பார்க்க ராண்டியின் அம்மா ஃபே வந்திருந்தாள். ஷெரீஃப் அலுவலகத்தில், அவசர அழைப்புகளை வாங்கி ஆட்களை அனுப்புகிற வானொலி மேசையில் முப்பது வருஷமாக உட்காருகிறவள். ஆர்விலை எத்தனையோ நெருப்புகளுக்கு அனுப்பிய குரல் அவளுடையது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு லொரெட்டாவைக் கட்டிக்கொண்டாள்.

"உங்கப்பா புத்தி தெளிவா இருந்திருந்தா எம்புள்ளைக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பாரு, கண்ணு."

ஃபே கொண்டுவந்த தட்டை ராத்திரி எல்லாரும் வழித்துச் சாப்பிட்டார்கள். லொரெட்டா ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் டுவேன் அவளை ஒட்டியே நின்றான். ஷெரீஃப் எதிர்ப்பக்கம் நின்றார். பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் ஆண்களெல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். புதுத் தலைவர் மெர்ல் கையடக்க வானொலியைத் திருகிச் சத்தத்தைக் கூட்டி, சவப்பெட்டியின் மேல் நிமிர்த்தி வைத்தார். தீயணைப்பவர் இறந்தால் கடைசியாக அவரை வானொலியில் கூப்பிட வேண்டும். மூன்று முறை கூப்பிடுவார்கள், பதில் வராது, அப்புறம்தான் அவருக்கு விடை கொடுத்து நாலு வரி வாசிப்பார்கள். இன்று விடுப்பு எடுத்துக்கொள் என்று எல்லாரும் சொல்லியும் ஃபே கேட்கவில்லையாம். ஆர்விலை நான்தான் கூப்பிடுவேன் என்று மேசைக்குப் போய்விட்டாளாம்.

"நூத்தி ஒண்ணு. அலுவலகம் கூப்பிடுது."

அது அப்பாவின் அழைப்பு எண். மாவட்டம் முழுக்க எத்தனை சமையலறைகளில் இந்தக் குரல் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் என்று லொரெட்டா நினைத்தாள். தீ எங்கே என்று தெரிந்துகொள்ள அடுப்புக்குப் பக்கத்திலேயே இந்த வானொலியைக் கேட்கிற அலைவாங்கி வைத்திருக்கிற ஊர்கள்.

"நூத்தி ஒண்ணு. அலுவலகம் கூப்பிடுது."

ஃபேயின் குரல் கொஞ்சம் கம்மியது. டுவேன் மறுபடியும் லொரெட்டாவின் முழங்கையைப் பிடித்தான். அவன் பக்கத்தில் நின்ற ஹோலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் கன்றுகளை எரித்தவருக்காக அந்த மனுஷன் அழுகிறார். லொரெட்டாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நூத்தி ஒண்ணு, ஆர்வில், கேக்குதா?"

அவள் கையை உதறிக்கொண்டு போய் வானொலியை எடுத்தாள். டுவேன் அவள் பெயரைச் சொன்னான். அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"ஃபே, நான் லொரெட்டா பேசறேன். ஹோலிஸ் கொட்டகைக்குத் தீ வச்சது எங்கப்பா. பயிற்சின்னு நெனச்சுட்டு வச்சாரு. அவரு கோட்டை அன்னிக்கே தொவச்சது நான். ராண்டி இல்ல."

விரலை எடுத்தாள். வானொலி இரைந்துகொண்டே இருந்தது. அந்த இரைச்சலுக்குள் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

"தகவல் கிடைச்சுது," என்றாள் ஃபே. முப்பது வருஷமாக எந்தச் செய்திக்கும் சொல்கிற அதே குரல். "மணி பதினொண்ணு நாப்பத்தாறு."

அதன் பிறகு வரவேண்டிய நாலு வரி வரவில்லை. மெர்லும் மற்றவர்களும் தொப்பியைக் கையில் பிடித்தபடி சவப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஷெரீஃப் மட்டும் தன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.