பச்சைக் கண்ணாடித் திராட்சை

வெள்ளைத் துணியில் அந்தக் கழுத்தணியை க்ளெமான்ஸ் எடுத்து வைத்ததுமே ஜெர்மேனுக்கு வயிறு எரிந்தது. பச்சைக் கண்ணாடித் திராட்சைக் கொத்து. நாற்பத்தோரு வருஷத்தில் ஒரு மணிகூட உதிரவில்லை. பட்டறையில் அவளோடு வேலை பார்த்த லூசியென் செய்தது.

பாரிஸில் தெலாகூர் ஃபேஷன் நிறுவனம் தன் பழைய நகைகளைக் கண்காட்சியாக வைக்கவிருந்தது. எதிலும் செய்தவர் பெயர் கிடையாது. நிறுவனத்தின் முத்திரை மட்டும்தான். அதனால் பட்டறையில் வேலை பார்த்தவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தாள் க்ளெமான்ஸ்.

"இது உங்க கைவேலையா மேடம்?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? லூசியென் எங்கோ தூர் நகரத்தில் மகள் வீட்டில் கிடக்கிறாள்.

ஐம்பத்தேழாம் வருஷக் குளிர்காலக் காட்சியின் கடைசி உடைக்கு இருவருமே நகை செய்தார்கள். ஜெர்மேன் மூன்று வாரம் கண் வலிக்க முத்துக் கோத்தாள். லூசியென் பாட்டு முணுமுணுத்தபடி நாலே நாளில் முடித்தாள். மேடையேறியது திராட்சைதான். "உன்னோடதும் அழகுதான்டி" என்று லூசியென் தோளில் தட்டினாளே, அதைத்தான் ஜெர்மேனால் மன்னிக்க முடியவில்லை.

"ஞாபகம் இல்லையா? பரவாயில்ல, பட்டறை முதலாளி ரூஜியே பேரையே போட்டுடறோம்."

"யாரு, அந்த ஆளா?" ஜெர்மேன் எழுந்தேவிட்டாள். "அந்த மனுஷனுக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது! எழுதும்மா. லூசியென் பெர்தோ."

"ரொம்பத் திறமைசாலியோ?"

ஜெர்மேன் கையுறையை மாட்டி, ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டாள். "ஆமா," என்றாள்.

அன்று மாலை தூருக்கு ஃபோன் செய்தாள். லூசியென் அழுதாள், சிரித்தாள். "ஏன்டி, நீயே செஞ்சதுன்னு சொல்லியிருக்கலாமே? யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே! சும்மா இரு, என் வாயைக் கிளறாதே."

திறப்பு விழாவுக்கு லூசியென் புது நீலக் கோட்டில் வந்தாள். பத்திரிகைக்காரர்கள் மொய்த்தார்கள். ஜெர்மேனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'முகத்துல என்ன ஒரு பெருமை, பாரு' என்று கறுவிக்கொண்டே நின்றாள். புகைப்படக்காரன் நேர் எதிரே விளக்கைப் பிடித்ததும் திராட்சை வெறும் பிளாஸ்டிக்காய்த் தெரிந்தது. அவளால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"தம்பி, விளக்கைப் பின்னால கொண்டு போ! கண்ணாடிக்குள்ள வெளிச்சம் பாயணும்."