அசையாது நின்ற வரிசை

ஏரிகளும் பனந்தோப்புகளும் நெல்வயல்களும் ஒன்றையொன்று தழுவிக் கிடந்த ஆவடி நிலத்தின் நடுவே, உலகப்போர் மூண்டபின் பனைகளை வீழ்த்திப் பரப்பிய படைப்பயிற்சித் திடலின்மேல், வைகாசிக் கதிரவன் உலையினின்று எடுத்த செம்புத்தட்டென ஏறிக்கொண்டிருந்த காலைவேளை அது. கற்றறிந்த அன்பரே, அத்திடலின் ஒப்பனையைக் கேளீர்! ஓரத்துக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். புல்லின் நுனிகளைக் கத்தரியால் மட்டமாக்கியிருந்தார்கள். வீரர்தம் காலணிகள் தெளிந்த குளம்போல் பார்த்தவர் முகத்தைக் காட்டின. துப்பாக்கிகள்தாம் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே கடல்கடந்து போரிடப் போகும் மறவர் சவுக்குக் கட்டைகளைத் தோளில் சார்த்தி நின்றனர்.

திருமழிசையில் ஏர்பிடித்து வளர்ந்த வேம்புலிக்கு இது வேடங்கட்டாத கூத்தாகவே தோன்றியது. கட்டையைத் தோள்மாற்றி, ஆளில்லா வெளிக்குக் கையுயர்த்தி வணங்கினால் பகைவன் அஞ்சி ஓடுவானோ என்று உணவுக் கொட்டகையில் எள்ளுவான். பயிற்றுநர் மணவாளனின் குரலைக் கிடாயின் கத்தலாக நடித்துக் காட்டுவான். கூலிக்காக வந்தவன் அவன். தங்கை கன்னியம்மாளுக்குக் கொடுத்த சொல்லுக்காகவும் வந்தவன். அவள் கணவன் கன்னியப்பனும் உடன் சேர்ந்திருந்தான். புறப்பட்ட நாளில் அவள் சொன்னது இதுதான்:

"அது ஒண்ணும் தெரியாத மனுசன்ணா. வுழுந்தாகூட வாயத் தொறந்து யாரையும் கூப்டாது. நீதான் தூக்கணும்."

"எவன் தடுத்தாலும் தூக்கறேன், போ," என்றான் வேம்புலி.

கன்னியப்பனுக்கு இடம் வலம் பிடிபடவில்லை. மணவாளன் அவன் வலக்காலில் பனையோலையும் இடக்காலில் கந்தல் துணியும் கட்டி, ஓலைக்கால், சீலைக்கால் என்று கூவிப் பழக்கினார். திடலே சிரித்தது, வேம்புலி நாணிக் குமைந்தான். கன்னியப்பனோ ஓலை நைந்து நாராகும்வரை கொட்டகையின் பின்னே தனியே நடந்து பழகினான்.

"அத்தினி காலும் ஒண்ணா வைக்கச்சே, நானும் ஒரு ஆளாத் தெரியறேன் மச்சான்."

"மாடுங்ககூடத்தான் நுகத்துல ஒண்ணா நடக்குது. அதுக்கு எவன்னா சலாம் போடறானா?"

அன்று பெரிய படைத்தலைவர் பார்வையிட வருகிறார். விடியலிலேயே கன்னியப்பனின் உடல் அனலாய்க் கொதித்தது. மருத்துவரிடம் போ என்று வேம்புலி வற்புறுத்தியும், ஓலையை அவிழ்த்தபின் வரும் முதல் அணிவகுப்பென்று அவன் மறுத்துவிட்டான். இருவரும் அடுத்தடுத்து நின்றனர். தலைவரின் வண்டி வரக் காணோம். வெயிலோ முதுகில் ஏறி அமர்ந்தது. பக்கத்திலிருந்தவன் காற்றில் ஆடும் நாணலென அசைவதைக் கடைக்கண்ணால் கண்ட வேம்புலி, இவன் சாய்ந்தால் கட்டையை எறிந்துவிட்டுத் தாங்குவேன் என்று நெஞ்சுக்குள் உறுதி பூண்டான்.

வண்டி வந்தது. விறைத்து நில்லென மணவாளன் ஆணை முழங்கினார். அக்கணமே கன்னியப்பன் முகங்குப்புற வீழ்ந்தான்.

வேம்புலியின் நெஞ்சு பாய்ந்தது, கால்கள் பாயவில்லை. முகவாய் நிமிர்ந்தபடி, விரல்கள் தொடையோடு ஒட்டியபடி, வெட்டுண்ட பனையின் அடியெனத் தன்னுடல் ஊன்றி நிற்பதை அவனே அஞ்சி உணர்ந்தான். படைத்தலைவர், வழியிற் கிடந்த சேற்றுக்குழியைச் சுற்றிவருவார்போல் வீழ்ந்தவனைச் சுற்றிவந்து, வேம்புலியின் முன் நின்று, நன்று என்பதாய்த் தலையசைத்துப் போனார். தளர்ந்து நிற்கும் ஆணை பிறந்த பின்னரே அவன் முழங்கால் மடங்கியது.

மாலையில், மருத்துவக் கூடத்தில், முன்பல் இரண்டு உடைந்த வாயால் கன்னியப்பன் கேட்டான்:

"நா வுழுந்தப்போ வரிசை கலஞ்சிடுச்சா மச்சான்?"

"இல்ல."

"நீ?"

"அசையல."

வீங்கிய உதடுகள் மலர்ந்தன. "அப்போ சரி. உன் தங்கச்சியாண்ட சொல்லணும், நீ எப்டி நின்னேன்னு."

வேம்புலி நீர்க்குவளையை நீட்டினான். கட்டிலருகேயும் அவன் கால்கள் விறைத்தே நின்றன.

அன்பரே, பயிற்சியின் பயன் யாதென வினவுவீராயின், அதனை ஏற்றிப் போற்றியவனிடம் கேளற்க; இகழ்ந்தவனிடம் கேண்மின். அவனது ஏளனத்தை அத்திடல் ஒருநாளும் தடுத்ததில்லை. நாவை அவனுக்கே விட்டுவைத்து, கால்களை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டது. மறுநாட் காலையில் கிடாய்க்குரல் எழுந்தது. அதைக் கேட்டுச் சிரிக்க அவன் வாய் திறக்குமுன்னே, அவனது இடக்கால், அந்தச் சீலைக்கால், தானே உயர்ந்து நின்றது.