ஞானஸ்நானச் சீர்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயத்தில் ஞானஸ்நானத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி, கைக்குழந்தையான என் மகள். இன்னொருவன் சிப்பியோ. கடல் கடந்து கிரெனடா தீவில் தனக்கிருந்த கரும்புத் தோட்டத்திலிருந்து எங்கள் நிலக்கரிச் சுரங்கத்துத் துரை ஃபைஃப் கரையிலுள்ள எங்கள் ஊருக்குக் கூட்டிவந்த கறுப்பின அடிமை. என் மகள் வீறிட்டு அழுதாள். சிப்பியோ அழவில்லை. போதகரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

லீத் துறைமுகத்தில் கப்பல் தயாராக நின்றது. அவனைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பத் துரை முடிவு செய்திருந்தார். ஞானஸ்நானம் பெற்றவனை யாரும் அடிமையாக வைத்திருக்க முடியாது என்று சிப்பியோ நம்பினான். சட்டம் அப்படிச் சொல்கிறதா என்று போதகருக்கே நிச்சயமில்லை. அவர் அதைச் சொல்லியும் இவன் விடவில்லை. குளிர்காலம் முழுக்கத் துரையின் குதிரைகளைத் தேய்த்துக்கொண்டே வேதபாடத்தை மனப்பாடம் செய்தான். அன்று போதகர் கேட்கக் கேட்க ஒரு சொல் பிசகாமல் பதில் சொன்னான்.

"பத்துக் கட்டளைல எனக்கு நாலுதான் தெரியும். அதுலயும் மூணை மீறிட்டேன்" என்று என் கணவன் ஆண்ட்ரா என் காதில் முணுமுணுத்தான்.

"என்ன பெயர் வேண்டும்?" என்று சிப்பியோவைக் கேட்டார் போதகர்.

"எபனேசர்."

மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் துரையின் காரியஸ்தர் நின்றிருந்தார்.

"சிப்பியோ, வண்டில ஏறு."

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைங்க. நான் வர்றதா இல்லை. வேணும்னா துரை எடின்பரோ கோர்ட்டுல வந்து கேக்கட்டும்."

குரல் உயரவே இல்லை. எங்கள் சுரங்கத்து ஆண்கள் அந்தக் காரியஸ்தர் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று சொன்ன மனிதனை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்குக் கிளம்பிய ஆண்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரும் தொப்பியைக் கழற்றவில்லை.

முகம் சிவந்துபோன காரியஸ்தர் எங்கள் பக்கம் திரும்பினார். துரை அனுப்பிய சீர் அவர் கையில் இருந்தது. ஒரு ஜோடி குட்டிக் காலணி. சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஞானஸ்நானத்தன்று இப்படி ஒரு சீர் வரும். தகப்பன் வாங்கிவிட்டால் பிள்ளை சாகும்வரை துரையின் சுரங்கத்துக்குச் சொந்தம். எனக்காக என் அப்பா ஒரு சால்வை வாங்கினார். பால்பல் விழுந்த வயதிலிருந்து முதுகில் கரி சுமக்கிறேன்.

"இந்தா ஆண்ட்ரா, துரையோட அன்பளிப்பு."

ஆண்ட்ராவின் இரண்டு கைகளும் தாமாகவே நீண்டன. அவனைக் குறை சொல்ல மாட்டேன். மறுத்தால் வீடு போகும், வேலை போகும். அவன் அப்பனும் தாத்தனும் இப்படித்தான் நீட்டினார்கள். நீட்டியபிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"வேணாம்டி எல்ஸ்பெத். எங்க போவோம்?"

"தெரியல. மொதல்ல பிள்ளையப் பிடி."

நீட்டிய கைகளில் மகளை வைத்தேன். ஆண்ட்ரா காரியஸ்தரைப் பார்த்தான். எபனேசரைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளாலும் அவளை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான். காரியஸ்தரின் விரலில் அந்தக் காலணி ஆடிக்கொண்டிருந்தது.