கால் மணி நேர வெந்நீர்

வருஷம் முழுக்க ஊர் விட்டு ஊர் பஸ் ஓட்டுகிறவனுக்குக் கிடைத்ததே நாலு நாள் லீவு. அதிலும் முதல் நாள் ஓட்டுவதில்தான் போயிற்று. மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, ஒரு முங்கு முங்கினால் முதுகுவலி பறந்துவிடும் என்று மனைவியிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், மச்சினன், மாமியார் எல்லோரும் வாடகை வேனில் ஏறிவிட்டு இவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"வீட்டுலயே டிரைவர் இருக்கும்போது வெளியாள் எதுக்கு மாமா?" என்றான் மச்சினன். அவனும் லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது.

முந்தின நாள் டியூட்டி விடியற்காலையில்தான் முடிந்திருந்தது. இவன் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டான். ஏழு மணி நேர ஓட்டம்.

மாமியார் இவனோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. மாமனார் இறந்த அன்று இவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று மூடிய வாய்தான். ஒரே வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டே, "தண்ணி குடிக்க நிறுத்தச் சொல்லு" என்று மகள் வழியாகத்தான் சொல்லி அனுப்புவாள்.

வண்டியை நிறுத்த இடம் தேடி, பைகளைச் சுமந்து, செருப்புகளை டோக்கன் போட்டு வைத்துவிட்டு இவன் உள்ளே போனபோது எல்லோரும் குளித்துக் கரையேறியிருந்தார்கள். மனைவி பிள்ளைகளுக்குத் தலை துவட்டப் போயிருந்தாள். மாமியார் மட்டும் படியில் உட்கார்ந்து, கால்களை முழங்கால்வரை நீரில் விட்டிருந்தாள். சுவரில், 'கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் இருக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. கெட்டுப்போன முட்டை மாதிரி ஒரு வாடை.

கழுத்துவரை இறங்கினான். சூடு இடுப்பைப் பிடித்தது, பிறகு தோளை. இத்தனை வருஷமாக இறுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. அப்பாடா என்று கண்ணை மூடினான்.

அடுத்து அவனுக்குத் தெரிந்தது, மூக்குக்குள் ஏறிய வெந்நீரும் தலைமயிரைப் பிடித்து இழுத்த ஒரு கையும்தான்.

"என்ன மாப்ளே இது! தூங்குற இடமா இது? என் பொண்ணு கதி என்ன ஆகுறது?"

மாமியார் உடுத்த துணியோடு மார்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தாள். இவன் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினான். அவள் கை இன்னும் முடியை விடவில்லை. இழுத்துக்கொண்டுபோய்ப் படியில் உட்காரவைத்த பிறகுதான் விட்டாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"எத்தனை நாளாச்சு தூங்கி?"

"நேத்து டியூட்டி அத்தை."

"அதோடயா எங்களையும் கூட்டிட்டு வந்தீங்க? முடியலன்னு சொல்ல வாயில்லையா?"

இவன் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டான். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

அவளே மறுபடியும் கேட்டாள். "அவர் போன அன்னிக்கும் இப்படித்தானா?"

"பாதி வழியில சேதி வந்துச்சு. பஸ்ஸுல அம்பது பேர் அத்தை. மாத்து டிரைவர் கிடைக்கல. அவங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலி வண்டியத் திருப்பிட்டு வந்தேன். பதினாலு மணி நேரம்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே."

மாமியார் புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். பிழிந்த இடத்தையே திரும்பவும் பிழிந்தாள். "நானும் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் கடைசியில்.

அன்று மதியம் ஓய்வறைப் பெஞ்சில் அவன் கட்டைபோல் கிடந்தான். எழுப்ப வந்த பிள்ளைகளை மாமியார் கண்ணாலேயே விரட்டினாள். மச்சினனிடம், "திரும்பிப் போறப்போ நீதான் ஓட்டுற. ஆறு வருஷமா அந்த லைசென்ஸை என்ன ஊறுகாயா போட்டு வச்சிருக்க?" என்றாள்.

ஊர் திரும்பும்போது இவன் கடைசி சீட்டில் படுத்திருந்தான். தூக்கம் எங்கே வந்தது? மச்சினன் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைப் போட்டு உலுக்கியதில் இவனுடைய வலது காலும் சேர்ந்து தரையை மிதித்தது. முதுகு வலி போனபாடில்லை.

"மெதுவா ஓட்டுடா" என்று முன்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "மாப்ளை தூங்குறார்ல."

தூங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், அப்படியே கண்ணை மூடிக்கொண்டான்.