ஹிந்தா வீட்டு சூப்பைச் சாப்பிடலாமா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோழி சூப்பை ஒரு சுற்றுக் கலக்கி, ருசியும் பார்த்த பிறகுதான் ஹிந்தா கையிலிருந்த கரண்டியைக் கவனித்தாள். நீலக் கைப்பிடி.

“அடிப் பாவி மிண்டல்!”

“நான் என்னம்மா பண்ணேன்?”

“பால் கரண்டியைக் கறிக் கரண்டி மாட்டற ஆணியில மாட்டினது யாரு?”

“மாட்டினது நான். எடுத்துக் கலக்கினது யாரு?”

கறிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம். யூதச் சமையலில் ஒன்றின் பக்கம் மற்றது போகக் கூடாது. இன்று காலையில்தான் அந்த நீலக் கரண்டி கொதிக்கிற பாலில் கிடந்தது. இனி சூப்பைச் சாப்பிடலாமா, கொட்ட வேண்டுமா என்று மதகுரு ரபிதான் சொல்ல வேண்டும்.

வேறு வெள்ளிக்கிழமையாக இருந்தால் மீனையும் ரொட்டியையும் வைத்து ஒப்பேற்றியிருப்பாள். இன்று ராத்திரி சாப்பிட வருகிறவள் ரைஸா, மிண்டலுக்கு மாமியாராக வரப்போகிறவள். நிச்சயதார்த்தத் தட்டை இன்னும் உடைக்கவில்லை. தட்டு உடைகிற வரைக்கும் சம்பந்தம் வாய்ப்பேச்சுதான். ரைஸாவோ கீரையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இலை இலையாகப் பூச்சி பார்க்கிற ஆள்.

சூரியன் இறங்கினால் சப்பாத் என்கிற ஓய்வுநாள்; அதன் பிறகு அடுப்பைத் தொட முடியாது. ஹிந்தா கரண்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

ரபியின் மனைவி வாசல் அறையில் கேரட் சீவிக்கொண்டிருந்தாள். “உட்காரு. உள்ள ஒருத்தி பேசிக்கிட்டிருக்கா.”

உள்ளே பெண்கள் இருக்கும்போது ரபியின் அறைக்கதவைச் சாத்துகிற வழக்கமில்லை. ரபிக்குக் காதும் மந்தம். ஜெருசலேமின் அந்த வட்டாரத்து ரகசியமெல்லாம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும்.

“ராத்திரி ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போறோம், ரபி! அங்க சாப்பிடலாமான்னு கேக்க வந்தேன்!”

ரைஸாவின் குரல்.

“யார் வீடு?”

“பேரைச் சொல்ல மாட்டேன். புறம் பேசறது பாவமில்லையா? தண்ணித்தொட்டித் தெரு, மூணாவது மாடி, புருஷன் கடிகாரம் ரிப்பேர் பண்றவர். அதுக்கு மேல என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது.”

கேரட் சீவுகிற சத்தம் நின்றது. ரபியின் மனைவி ஹிந்தாவைப் பார்த்தாள். ஹிந்தா கூரையைப் பார்த்தாள்.

“அந்த வீட்டுல ஏதாவது தப்பு பார்த்தியாம்மா?”

“பார்க்கல. ஆனா அந்தம்மா எப்பவும் சிரிச்ச மூஞ்சி, ரபி. சிரிச்சுக்கிட்டே இருக்கறவங்க கரண்டியைக் கவனிப்பாங்களா?”

மடியிலிருந்த துண்டை ஹிந்தா இறுக்கிப் பிடித்தாள். மெல்ல எழுந்தாள்.

“எங்க ஓடற?” என்றாள் ரபியின் மனைவி, அடிக்குரலில்.

“வீட்டுக்கு. இவ காதுபட இதைக் கேட்டேன்னா என் பொண்ணு கல்யாணம் அவ்வளவுதான்.”

“அப்ப சூப்பு?”

“கொட்டிடறேன்.”

“கொட்டிட்டு? வெறும் தட்டை வெச்சா மட்டும் அவ சும்மா இருப்பாளா?”

மாட்டாள். கொட்டாமல் வாயை மூடிக்கொண்டு பரிமாறிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அந்த நினைப்பு வந்ததும் ஹிந்தாவுக்குக் காது சுட்டது. ரபியைக் கேட்காத சூப்பை ஊற்றினால் உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டிருப்பது நிஜமாகிவிடும். விறுவிறுவென்று உள்ளே நுழைந்தாள்.

“ரபி, அந்தச் சிரிச்ச மூஞ்சி நான்தான்!”

ரைஸாவின் முகம் ரொட்டி மாவாக வெளுத்தது. ஹிந்தா துண்டைப் பிரித்து நீலக் கரண்டியை மேஜைமேல் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

“கலக்கினீங்களா, இல்ல சும்மா பட்டுச்சா?” ரபிக்கு முன்னால் ரைஸா கேட்டுவிட்டாள்.

“நல்லாவே கலக்கினேன். ருசி வேற பார்த்தேன்.”

“கடவுளே!”

“ரெண்டு ரபி ஒரு சூப்புக்கு வேண்டாம்,” என்றார் ரபி. “ஏம்மா, கரண்டியோட தலை மட்டும்தானே உள்ள போச்சு? அதைப் போல அறுபது மடங்கு சூப் இருந்தா தப்பில்ல. இருக்குமா?”

“அறுபதா? அந்தப் பானையில ரைஸாம்மாவோட பேரனைக் குளிப்பாட்டலாம், ரபி.”

“எனக்கு ஏது பேரன்?”

“தட்டை உடைச்சாத்தானே வருவான்?”

ரபிக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது போலிருக்கிறது. தாடி குலுங்கச் சிரித்தார். “தாராளமாச் சாப்பிடலாம். கரண்டியை மட்டும் தனியா எடுத்து வை. சப்பாத் முடிஞ்சு வா, கொதிக்கிற தண்ணியில அதை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு சொல்றேன்.” பிறகு ரைஸாவிடம் திரும்பினார். “நீ கேட்டதுக்கும் பதில் கிடைச்சுதா?”

“கிடைச்சுது,” என்றாள் ரைஸா. ஆனால் எழுந்திருக்கவில்லை.

“ஊர்ச் சமையலறையைப் பத்தியெல்லாம் கேக்கற. உன் சமையலறையைப் பத்தி இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்லையேம்மா?”

“என் சமையலறையில தப்பே...” வாக்கியம் பாதியில் நின்றது. ரைஸா கதவைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள். “நீங்க கிளம்புங்க. சூப் அடிப்பிடிச்சிடும்.”

“சூப்பு எங்கயாவது அடிப்பிடிக்குமா? மிண்டல் பார்த்துப்பா.”

ரைஸா பெருமூச்சு விட்டாள். பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“அப்ப உட்காருங்க, சம்பந்தி,” என்றாள். “கறி அடுப்புல நான் பாலாடைக்கட்டி கேக் வெச்ச கதை கொஞ்சம் நீளம்.”