மூக்கடைச்சான்

துறைகளுக்குள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: கத்தரிக்கோல். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. லிஃப்ட் கதவு மூடும்போது காதில் விழுந்ததுதான். அவள் கோபப்படவில்லை. வேலை அப்படி. அரசின் எந்தத் துறை கணினியை வைத்து என்ன ஆராய்ச்சி செய்தாலும் அதன் விவரம் அவள் மேசைக்கு வரும். ஒரே ஆராய்ச்சியை இரண்டு துறைகள் செய்தால், ஒன்றை நிறுத்தச் சொல்லி எழுத வேண்டியவள் அவள்.

கையெழுத்தைப் படிக்கும் இயந்திரம் அப்படித்தான் இரண்டு இடங்களில் வளர்ந்துகொண்டிருந்தது. தபால் துறைக்கு உறைமேல் இருக்கும் விலாசத்தைப் படிக்க வேண்டும். சுகாதாரத் துறைக்கு, டாக்டர்கள் கிறுக்குவதைப் பார்வையற்றவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்கச் சனிக்கிழமைதோறும் போய்வந்தவர்களில் அவளுடைய அக்காவும் ஒருத்தி.

அக்காவுக்குப் பார்வை போய்ப் பல வருடம் ஆயிற்று. வலக்கண்ணில் மட்டும் வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும். காலையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "விடிஞ்சிடுச்சுடி, எழுந்திரு" என்று தங்கையை எழுப்புவது அக்காதான்.

இயந்திரத்துக்கு ஜலதோஷம் பிடித்த குரல். அக்கா அதற்கு மூக்கடைச்சான் என்று பெயர் வைத்திருந்தாள்.

"கல்யாணமும் சாவும் அவனுக்கு ஒண்ணுதான். ஏத்த இறக்கமே கிடையாது. ஆனா ஒரு வார்த்தை தப்பாதுடி."

"நான் மட்டும் தப்பாவா படிக்கிறேன்?"

"நீ நடுவுல இருமுவ. அப்ப ஏதோ காணாமப் போயிடுச்சுன்னு தெரிஞ்சுக்குவேன்."

அவள் சிரித்து மழுப்பினாள். கண் டாக்டர் கடைசியாக எழுதிக் கொடுத்த சீட்டில் ஒரு வரியை இருமித்தான் தாண்டியிருந்தாள்.

எந்தத் துறையை நிறுத்துவது என்று முடிவெடுக்க வேண்டி வந்தபோது, சுகாதாரத் துறை வெகுதூரம் முன்னே போயிருந்தது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதை வைத்துக்கொண்டால் அக்காவுக்காகச் செய்தாள் என்று பேசுவார்கள். யாரும் பேசவில்லை. பேசக்கூடும் என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது. தன் கை சுத்தம் என்று தனக்குத்தானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வேலையை நிறுத்துங்கள், தபால் துறை முடித்ததும் அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சுகாதாரத் துறைக்கு எழுதினாள். எழுதி முடித்தபோது மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அக்காவிடம், "கொஞ்ச நாள் இடைவெளி, அப்புறம் கூப்பிடுவாங்க" என்றாள்.

இன்று கூட்டத்தில், ஆறிப்போன டீக் கோப்பைகளுக்கு நடுவே, தபால் துறை அதிகாரியிடம் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டாள்.

"கையெழுத்தா? அதை அப்பவே விட்டுட்டோமே மேடம்," என்றார் அவர். "இப்ப யாரு கையால விலாசம் எழுதறாங்க? சுகாதாரத்துக்காரங்க நல்லாப் பண்றாங்க, அவங்களைத்தான் வச்சுக்குவீங்கன்னு நினைச்சோம். எங்க ஆளுங்களைப் பார்சல் பிரிக்கிற பக்கம் அனுப்பிட்டோம்."

சுகாதாரத் துறை டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "நீங்க பண்றீங்கன்னுதானேய்யா எங்களை நிறுத்தச் சொன்னாங்க! எங்க பசங்க எல்லாரும் தனியாருக்குப் போயாச்சு. நீங்க முதல்ல ஏறுங்க, நீங்க முதல்ல ஏறுங்கன்னு நின்னு ரெண்டு பேருமா பஸ்ஸை விட்டுட்டோம், போங்க."

மேசை முழுக்கச் சிரித்தது.

"சுகாதாரத் துறையில திரும்பத் தொடங்கலாம் சார்," என்றாள், கூட்டத்துக்குத் தலைமை வகித்த தன் மேலதிகாரியிடம்.

"எப்படிம்மா? தப்பு நம்மளதுன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? இந்த வருஷம் ஒரு இடத்துலகூட ரெட்டை வேலை இல்ல. அதைச் சந்தோஷமா அறிக்கையில எழுதுங்க."

"ஒரு இடத்துல வேலையே இல்ல சார்."

"அதை அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அவர் சொன்னபடியே எழுதினாள். பேனா எங்கும் தயங்கவில்லை என்பதுதான் வழியெல்லாம் அவளை உறுத்திக்கொண்டு வந்தது.

வீட்டில் அக்கா மேசையருகே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும், "என்ன சொல்றான் மூக்கடைச்சான்? எப்ப வரானாம்?" என்றாள்.

அவள் தோள்பையைக்கூட இறக்கவில்லை. "வர மாட்டான்க்கா. ரெண்டு இடத்துலயும் நின்னு போச்சு."

"தானா நின்னுச்சா?"

"அங்க அவங்களே விட்டுட்டாங்க. இங்க... நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அக்காவின் கை துணிமேல் அப்படியே நின்றது. திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"நான் போய்ட்டு வந்துட்டிருந்தேனே, அதனாலயா?"

இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பியிருந்தாள். வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. அக்காவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மடித்த துணியை ஓரமாக நகர்த்திவிட்டு அக்கா சொன்னாள்: "அந்தக் கண் டாக்டர் சீட்டை எடு. அவனை மாதிரி படி."

எடுத்தாள். தேதியிலிருந்து தொடங்கினாள். சொட்டு மருந்தின் பெயர், எத்தனை வேளை, அடுத்து எப்போது வர வேண்டும் என்று எல்லாவற்றையும் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள். அந்த இடம் வந்தது. தொண்டை அரித்தது. அவள் இருமவில்லை.

"வலக்கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சமும் சில மாதங்களில் போய்விடும்."

அதற்குக் கீழே கையெழுத்து மட்டும்தான் இருந்தது. டாக்டரின் பெயரையும் படித்து முடித்தாள்.

"அவன் இன்னும் கொஞ்சம் வேகமாப் படிப்பான்," என்றாள் அக்கா.

அறை மங்கிக்கொண்டு வந்தது. அவள் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினாள்.

"போடாதடி," என்று அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "இன்னும் இருட்டல."